சிவப்பு டேக்

ஓசூரில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், அவர் ஏதோ ஒன்றின் ஒரு துண்டைச் செய்கிறவராக இருப்பார். ஒருவர் லாரிக்கு கியர் செய்வார். ஒருவர் பைக்குக்கு பிரேக் ஷூ. இன்னொருவர் கைக்கடிகாரத்துக்கு முள். 'இந்த வண்டியை முழுசா நான்தான் செஞ்சேன்' என்று மார்தட்டுகிறவரை அங்கே நான் பார்த்ததில்லை. செய்ததைப் பெட்டியில் அடுக்கி டெம்போவில் ஏற்றிவிடுவார்கள். அது எந்த வண்டியில் சேர்ந்து எந்த ஊர்ச் சாலையில் ஓடுகிறது என்பது செய்தவருக்கே தெரியாது.

அதனால்தான் 2025 அக்டோபரில் அங்கே போயிருந்தபோது, நண்பர் ஒருவர் "எங்க தெருவுல ஒருத்தர் தனி ஆளா ஏரோப்ளேன் செஞ்சு வெச்சிருக்கார், வாங்க காட்டறேன்" என்றதும், சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பாகலூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் மாடி வீடு. நம் வீடுகளில் எவர்சில்வர் டம்ளரும் பரிசுக் கோப்பையும் அடுக்கும் கண்ணாடி அலமாரியில், அவர் வீட்டில் இருபது விமானங்கள் நின்றன. செய்தவருக்கு 66 வயது. சிப்காட்டில் ஒரு சின்ன யூனிட்டின் டூல்ரூமில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், பேரன் தெருப் பையன்களோடு கன்னடம். தாத்தாவுக்கு மட்டும் மூன்று மொழியிலும் ஏறத்தாழ ஒரே சொல்.

"எல்லாம் 72-ல ஒண்ணு சார்" என்றார். மாடல் செய்கிறவர்களுக்கு அது ஒரு கணக்கு. நிஜத்தில் ஆறு அடி இருப்பது மாடலில் ஓர் அங்குலம். ஆறடி விமானி, கட்டைவிரலின் மேல் கணு அளவுக்கு ஆகிவிடுவார். உடம்புக்குத் தச்சுப் பட்டறையில் மிஞ்சிய சில்வர் ஓக் துண்டு. விமானி உட்காரும் இடத்தின் மூடி, ஸ்வீட் பாக்ஸ் பிளாஸ்டிக்கைச் சூடுகாட்டி வளைத்தது. ஒன்றின் மூக்கு நுனியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியைத் தொடப் போனேன். "பாத்து சார், குத்தும். வீட்டம்மாவோட இன்சுலின் ஊசி" என்றார்.

அந்த ஊசி மூக்குக்காரன் மிக்-21. ஒலியைவிட வேகமாகப் பறக்கக்கூடியது என்று இந்திய விமானப்படையில் சேர்ந்த முதல் போர் விமானம். 1963-ல் வந்து, 62 வருடம் உழைத்து, 2025 செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகரில் விடைபெற்றது. டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அவர் செய்த மாடலில் வால் பக்கம் சின்னதாக ஒரு சிவப்பு பல்ப். கீழே சுவிட்ச். தட்டினால் நெருப்புக் கக்குவதுபோல எரிகிறது.

அதற்குப் பக்கத்தில் நின்ற விமானம் இன்னும் அழகு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். கூர்மையான மூக்கு, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, பின்னால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள். சும்மா நிற்கும்போதே ஓடுவதுபோல ஒரு வடிவம். அதன் வாலைத் திருப்பிப் பார்த்தேன். பல்ப் இல்லை.

"இதுக்கும் ஒரு லைட் போட்டிருக்கலாமே?"

"அதுக்கு ஆஃப்டர்பர்னர் கெடையாது சார். இல்லாததை எப்படி வைக்கிறது?"

அது மாருத். முழுப்பெயர் ஹெச்.எஃப்-24 மாருத். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் ஜெட் போர் விமானம். கட்டியது ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், பெங்களூர் ஹெச்.ஏ.எல். தொழிற்சாலையில். 1990-களில் மகளைக் கூட்டிக்கொண்டு கஸ்தூர்பா ரோடு விஸ்வேஸ்வரய்யா மியூசியத்துக்குப் போனபோது அங்கே திறந்தவெளியில் நின்ற மாருத்தைப் பார்த்திருக்கிறார். மகள் உள்ளே இழுக்க, இவர் வெளியிலேயே நின்றுவிட்டாராம். பிறகு அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகளில் அலைந்து, படம் படமாகச் சேர்த்து, 14 மாதத்தில் செய்து முடித்திருக்கிறார்.

இந்த விமானத்தின் கதை கொஞ்சம் சோகமானது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்குப் புகழ்பெற்ற போர் விமானங்களை வடிவமைத்த குர்ட் டாங்க், 1956-ல் தன் ஆட்கள் சிலரோடு பெங்களூர் வந்தார். ஒலியைப்போல இரு மடங்கு வேகத்தைத் தொடக்கூடிய ஒரு விமானம் வேண்டும் என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஒலியின் வேகம் கடல் மட்டத்தில் மணிக்குச் சுமார் 1,225 கிலோமீட்டர். சுதந்திரம் வாங்கிப் பத்து வருடம்கூட ஆகாத தேசம் அது. ஆசை பெரிதுதான்.

முதலில் அவர்கள் செய்தது என்ன தெரியுமா? ஒரு மாடல். அலமாரியில் வைக்கிற மாடல் அல்ல, நிஜ அளவிலேயே மரத்தில் ஒரு விமானம், எஞ்சின் இல்லாமல். இரண்டு பேர் உட்காரலாம். அதை ஒரு டகோட்டா விமானத்தின் பின்னால் கயிற்றில் கட்டி மேலே இழுத்துப் போய் விட்டுவிடுவார்கள். அது காற்றில் மிதந்து இறங்கும். 1959-60-ல் எழுபதுக்கும் மேற்பட்ட முறை அப்படிப் பறந்தது. வடிவத்தில் பெரிய குறையில்லை என்று தெரிந்தது. 1961 ஜூனில் சுரஞ்சன் தாஸ் என்ற விமானப்படை அதிகாரி நிஜ மாருத்தை முதன்முதலாக ஓட்டினார்.

உடம்பு தயார். உயிர்தான் வரவில்லை.

எந்த எஞ்சினை மனதில் வைத்து மாருத்தை வரைந்தார்களோ, அந்த எஞ்சின் கிடைக்கவே இல்லை. இங்கிலாந்துக் கம்பெனி, அதை மேம்படுத்தும் செலவை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. நாம் ஏற்கவில்லை, அவர்கள் கைவிட்டார்கள். பிறகு ரஷ்ய எஞ்சினைப் பார்த்தார்கள். எகிப்து ஓர் எஞ்சின் செய்துகொண்டிருந்தது. ஒரு மாருத்தை அங்கே கொண்டுபோய் அதைப் பொருத்தி 1967-ல் பறந்தும் பார்த்தார்கள். அந்தத் திட்டமும் நின்றுபோனது. கடைசியில் 'நாட்' என்ற குட்டி விமானத்துக்காக பெங்களூரிலேயே தயாரான எஞ்சின் வகையில் இரண்டைப் போட்டுப் பறக்கவிட்டார்கள். ஒவ்வொரு எஞ்சினும் ஆஃப்டர்பர்னரோடு 8,000 பவுண்டுக்கு மேல் தள்ள வேண்டும் என்பது கணக்கு. கிடைத்தது 4,850.

ஆஃப்டர்பர்னர் என்பது, எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான காற்றில் மறுபடி எரிபொருளைத் தெளித்துப் பற்றவைப்பது. எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றினால் குப்பென்று எழுமே, அதுமாதிரி. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்று சுவர்போல எதிர்த்து நிற்கும். அதை உடைக்க அந்தக் கூடுதல் உதை வேண்டும். மாருத்துக்கு அது வாய்க்கவில்லை. ஒலியைப்போல இரு மடங்கு போக வேண்டியது, ஒலியின் வேகத்தை எட்டவே மூச்சு வாங்கியது. மாருதம் என்றால் காற்று. புயலாக வேண்டியது மந்தமாருதமாகிவிட்டது.

மொத்தம் 147 மாருத் கட்டினார்கள். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தரைத் தாக்குதலுக்குப் போய் நன்றாகவே உழைத்தன. வான்சண்டையில் ஒன்றுகூட விழவில்லை. ஆனாலும் எதற்காகப் பிறந்ததோ அதைச் செய்யாமலே, 1990-க்குள் எல்லாம் ஓய்வுக்குப் போய்விட்டன.

"அப்படின்னா இது ஃபெயிலியர்தானே? வேற ப்ளேனா இல்ல, இதுக்குப் போய் 14 மாசமா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் நாக்கு எனக்கே உறைத்தது.

அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு பழைய டப்பாவை எடுத்து வந்தார். அதில் டம்பெல் மாதிரி ஒரு சின்ன இரும்புக் கட்டை. "இது கோ, நோ-கோ கேஜ் சார். ஓட்டை போட்ட பீஸ்ல இந்தப் பக்கம் உள்ளே போகணும். அந்தப் பக்கம் போகக்கூடாது. போச்சுன்னா பீஸ் ரிஜெக்ட். அவ்ளோதான், பேச்சே இல்ல. 31 வருஷம் இதுதான் எனக்கு சாமி."

"அப்ப மாருத் ரிஜெக்ட்தான்?"

"ரிஜெக்ட்தான் சார். நான் இல்லேன்னு சொல்லலியே."

பிறகு அவர் சொன்னதுதான் என்னை இன்றுவரை பிடித்து வைத்திருக்கிறது. அவர் யூனிட்டில் மூன்று தொட்டிகள் இருக்குமாம். பச்சைத் தொட்டியில் சரியான பீஸ். மஞ்சளில் திருத்தினால் தேறும் பீஸ். சிவப்பில் தேறாதது. சிவப்புத் தொட்டிக்குப் போகும் ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு டேக் கட்ட வேண்டும். என்ன பிழை, எந்த மெஷின், எந்தத் தேதி, என்ன காரணம்.

"புதுப் பசங்க என்ன பண்ணுவானுங்கன்னா, ரிஜெக்ட் ஆன பீஸை டேக் போடாம பாக்கெட்ல போட்டுட்டுப் போய் வெளியே வீசிடுவான். இல்லேன்னா நைஸா பாலிஷ் போட்டு பச்சைத் தொட்டியில கலந்துடுவான். ரெண்டும் ஒண்ணுதான் சார். வீசினா, அதே தப்பு நாளைக்கு மறுபடி வரும். கலந்தா, எவனோ ஒருத்தன் ரோட்ல சாவான்."

மாருத்தின் வாலில் ஒரு சிவப்பு பல்ப் வைப்பது, ரிஜெக்ட் பீஸுக்குப் பாலிஷ் போடுவது. மாருத்தை அலமாரியில் வைக்காமலே விடுவது, பாக்கெட்டில் போட்டு வீசுவது. அவர் இரண்டையும் செய்யவில்லை. இருந்ததை இருந்தபடி செய்து, பல்ப் இல்லாத வாலோடு நிறுத்தியிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். தோற்றவற்றை நாம் என்ன செய்கிறோம்? இந்த இரண்டில் ஒன்றைத்தான். ஊரில் ஒரு மில் மூடிப்போனால் அதைப் பற்றிப் பேசவே மாட்டோம். பேசினால், 'அந்தக் காலத்துல எப்படி ஓடிச்சு தெரியுமா' என்று பொற்காலமாக்கிவிடுவோம். ஏன் மூடினார்கள் என்ற கேள்வி நடுவில் எங்கோ விழுந்துவிடும். செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பது நல்ல பழக்கம்தான். ஆனால், அதே பழக்கத்தைச் செத்த திட்டங்களுக்கும், செத்த முயற்சிகளுக்கும் நீட்டிவிட்டோம்.

அலமாரி மாடல்களில் வேறொரு ஆபத்தும் உண்டு. 72-ல் ஒன்றாகச் சுருக்கும்போது சத்தம் போய்விடுகிறது, மண்ணெண்ணெய் வாடை போய்விடுகிறது, குண்டு விழுந்த இடம் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது அழகு மட்டும். ஜெயித்த மிக்-21 பக்கத்தில் தோற்ற மாருத் சரிசமமாக நிற்கும். ஆனால், ஜெயித்த மிக் தன் ஆயுளில் நூற்றுக்கணக்கான விபத்துகளைப் பார்த்து, 'பறக்கும் சவப்பெட்டி' என்று பெயர் வாங்கியது. இரண்டு எஞ்சின் இருந்ததால், ஒன்று போனாலும் மற்றதை வைத்துக்கொண்டு வீடு திரும்பிய மாருத்கள் உண்டு. பச்சைத் தொட்டியில் இருப்பதற்கும் ஒரு டேக் தேவைப்படலாம் என்று தோன்றுகிறது.

பெங்களூரில் பழைய மெட்ராஸ் ரோட்டையும் ஹெச்.ஏ.எல். விமான நிலையச் சாலையையும் இணைத்து ஒரு சாலை போகிறது. பெயர், சுரஞ்சன் தாஸ் ரோடு. அந்த டிராஃபிக்கில் பலமுறை சிக்கிச் சலித்திருக்கிறேன். யார் இந்த தாஸ் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மாருத்தை முதலில் ஓட்டினாரே, அவர்தான். எஞ்சின் எங்கும் கிடைக்காததால், இருந்த எஞ்சினுக்கே ஆஃப்டர்பர்னர் பொருத்திப் பார்த்தார்கள். வேகத்துக்காகச் சேர்த்த உதையை, மாற்றியமைத்த வால் பகுதியின் காற்று எதிர்ப்பே தின்றுகொண்டிருந்தது. 1970 ஜனவரி 10-ம் தேதி, அப்படி மாற்றிய மாருத் ஒன்றில் தாஸ் கிளம்பினார். கிளம்பிய சற்று நேரத்தில் விமானம் விழுந்தது. அவர் இறந்துபோனார்.

'முயற்சிதான் பெரிது, முடிவு அல்ல' என்று நாம் சுலபமாகச் சொல்கிறோமே, அதை இந்த மனிதரின் குடும்பத்து முன்னால் நின்று சொல்ல முடியுமா? முயற்சிக்கு விலை உண்டு. அதைப் பெரும்பாலும் திட்டம் போட்டவர் கொடுப்பதில்லை, உள்ளே உட்கார்ந்தவர் கொடுக்கிறார். எதனால் தவறியது என்று எழுதி வைப்பது, கொடுத்தவருக்கு நாம் செலுத்துகிற குறைந்தபட்ச வட்டி.

எழுதி வைத்தோமா? அந்தச் சாலையை ஒட்டிய பகுதியில்தான் காவேரி என்ற ஜெட் எஞ்சினை உருவாக்கிய அரசு ஆய்வகம் இருக்கிறது. நம் அடுத்த போர் விமானமான தேஜஸுக்காக 1989-ல் தொடங்கிய எஞ்சின் அது. 2001 ஜனவரியில் தேஜஸ் முதலில் பறந்தபோது உள்ளே இருந்தது அமெரிக்க எஞ்சின். 2008-ல் காவேரியை தேஜஸ் திட்டத்திலிருந்தே பிரித்துவிட்டார்கள். 2021-ல் விமானப்படை 83 புதிய தேஜஸுக்கு ஒப்பந்தம் போட்டது. அதற்கான அமெரிக்க எஞ்சின்களில் முதலாவது வந்து சேர்ந்தது, 2025 மார்ச்சில். அதுவரை உடம்பு தயாராகி உயிருக்காகக் காத்திருந்தது. இந்த வரியை ஏற்கெனவே எங்கோ படித்த மாதிரி இருக்கிறதா? நம் விஞ்ஞானிகள் திறமைசாலிகள், அதில் சந்தேகமில்லை. எஞ்சின் செய்வது உலகத்தில் நான்கைந்து தேசங்களுக்கே கைவந்த வித்தை. ஆனால் மாருத்தின் டேக்கை உரக்கப் படித்திருந்தால், விமானம் வரைவதற்கு முன்பே எஞ்சினுக்குப் பணத்தையும் பொறுமையையும் எடுத்து வைத்திருப்போமோ என்னவோ.

அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். "டேக் போட்டா, செஞ்சவனை அவமானப்படுத்தற மாதிரி ஆகாதா?"

"என்ன தப்புன்னு முதல் காலம் சார். ஏன்னு ரெண்டாவது. யாருன்றது கடைசிக் காலம். நம்ம ஆளுங்க கடைசிக் காலத்தைத்தான் முதல்ல எழுதுவாங்க. அதனாலதான் எல்லாரும் பீஸை பாக்கெட்ல போட்டுக்கறான்."

எனக்குச் சுருக்கென்றது. காரணம் ஓசூரில் இல்லை, கிருஷ்ணகிரியில் இருக்கிறது.

என் அப்பா கிருஷ்ணகிரி பழையபேட்டையில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். ஒரு ட்ரெடில் மெஷின், நாலு எழுத்துப் பெட்டி. கல்யாணப் பத்திரிகை, பில் புக். நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒருநாள் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 'ஆஃப்செட் வந்துடுச்சு, இனிமே இது ஓடாது, அதான் வித்துட்டோம்' என்று அம்மா சொன்னாள். அதை நம்பினோம். அப்பா இறந்தபோது நான் எழுதிய நினைவு மலரிலும் 'காலமாற்றத்தால் தொழிலைக் கைவிட்டு' என்று ஓர் அழகான வாக்கியம் போட்டேன்.

2004-ல் என் தம்பி, நண்பன் ஒருவனுடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டான். நண்பன் ஊரைவிட்டே போய்விட்டான். வீடு கட்ட வாங்கியிருந்த மனை போயிற்று. தம்பி கூடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்று ராத்திரி, அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "உங்கப்பாவும் இதேமாதிரி ஒரு கையெழுத்துதான்டா போட்டார். பிரஸ் போனது அதுலதான்."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"அப்பாவை நீங்க கொறைவா நெனச்சுடக் கூடாதுன்னுதான்."

அம்மா பொய் சொல்லவில்லை. பாசத்தால் பாலிஷ் போட்டாள். அப்பாவின் வாலில் ஒரு சிவப்பு பல்ப் வைத்தாள். அதில் எங்களுக்கு ஒரு கம்பீரமான அப்பா கிடைத்தார். தம்பிக்கு மனை போனது. அந்த டேக்கை யாராவது கட்டியிருந்தால் தம்பி கையெழுத்துப் போட்டிருக்க மாட்டான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பேனாவை எடுக்கும்போது ஒரு நிமிடம் கை நின்றிருக்கும். அந்த ஒரு நிமிடம் அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டும். உண்மை தெரிந்த பிறகு அப்பாவை நாங்கள் குறைவாக நினைத்தோமா என்றால், இல்லவே இல்லை. நண்பனுக்காக எல்லாவற்றையும் இழந்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இன்னொரு அச்சகத்தில் கம்பாசிட்டராக வேலைக்குப் போன அந்த மனிதர், இப்போதுதான் எனக்கு முழு அளவில் தெரிகிறார். நினைவு மலரில் இருந்தது வெறும் மாடல்.

காபி வந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பேரன் வந்தான், ஐந்து வயதிருக்கும். பையைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராக அலமாரிக்குப் போய் மிக்-21-ன் சுவிட்சைத் தட்டினான். வால் சிவந்தது. பக்கத்திலிருந்த மாருத்தின் அடியில் விரலால் தடவித் தடவித் தேடினான். சுவிட்ச் கிடைக்கவில்லை.

"தாத்தா, இதுக்கு ஏன் லைட் எரியல?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்தக் கேள்விக்குத்தான் சார் லைட் வெக்கல" என்றார். பிறகு பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அதுவா... தாத்தா பொறந்த வருஷம், பெங்களூர்ல மரத்துலயே ஒரு பெரிய ப்ளேன் செஞ்சாங்க..."

நான் காபியைக் குடித்துவிட்டுச் சத்தம் போடாமல் படி இறங்கினேன்.